ஊருக்குச் சொந்தமான பைபர் வலை: கொழும்பில் உள்ளூராட்சி ஒப்பந்தத்தைப் படிப்படியாகச் செய்து முடிப்பது எப்படி?

கொட்டாஞ்சேனையில் ஏதாவதோர் ஒழுங்கையில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரே கம்பத்தில் மின்கம்பி, பழைய தொலைபேசிக் கம்பி, கேபிள் தொலைக்காட்சிக் கம்பி, இரண்டு மூன்று நிறுவனங்களின் பைபர் (ஒளியிழைக் கேபிள்), போதாததற்கு எவருடையது என்று எவருக்கும் தெரியாத ஒரு சுருள். கொழும்பில் கம்பிக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பிரதான வீதிக்கு நல்ல இணைப்பு வருவதும், பின்னாலுள்ள நெருக்கமான குடியிருப்புகள் மாதக் கணக்கில் காத்திருப்பதும் நடக்கத்தான் செய்கிறது. எங்கே இழுத்தால் போட்ட பணம் விரைவில் திரும்பும் என்று நிறுவனங்கள் கணக்குப் பார்க்கின்றன. அதில் தவறு சொல்ல முடியாது. அந்தக் கணக்கில் சேராத தெருக்களுக்கு ஊரே ஒரு வலை அமைக்க நினைத்தால், அதை மாநகர சபையின் ஒப்பந்தம் வழியாக எப்படிச் செய்வது என்பதே இங்கே விடயம்.

மாநகர சபை உறுப்பினர்கள், சனசமூக நிலைய நிர்வாகிகள், தொடர்மாடி நிர்வாகக் குழுவினர் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். என் நிலைப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மண்ணுக்குள் போகும் குழாயும் இழையும் ஊரின் பெயரில் இருக்க வேண்டும். அவற்றின் வழியே சேவை தருபவரைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் காகிதத்தில் கட்டிப்போடும் வேலைதான்.

முதற்படி: எதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்

1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொலைத்தொடர்பு முறைமையொன்றை எவரும் இயக்க முடியாது. இச்சட்டம் 1996 இலும் 2024 இலும் திருத்தப்பட்டிருக்கிறது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரிந்துரையின் பேரில் அமைச்சர் அனுமதிப்பத்திரம் வழங்குகிறார். மாநகர சபை என்பதற்காக விதிவிலக்கு கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

ஆணைக்குழுவுக்குப் போகும் கடிதத்தில் மூன்று கேள்விகளைத் தனித்தனியாக வையுங்கள். சபை வெறும் குழாயைப் புதைத்து வாடகைக்கு விடலாமா? அக்குழாய்க்குள் ஒளியேற்றாத இழையை, அதாவது முனைகளில் கருவி பொருத்தாத வெறும் இழையைப் போட்டு, ஏற்கெனவே அனுமதிப்பத்திரம் உள்ள நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடலாமா? சபையோ ஊர் அமைப்போ நேரடியாக வீடுகளுக்கு இணையச் சேவை வழங்கலாமா? மூன்றையும் ஒன்றாகக் கலந்து 'இணையத் திட்டம்' என்று கேட்டால் பதிலும் கலங்கலாகவே வரும். வரும் பதிலை விலைமனு ஆவணத்தின் இணைப்பாக வைக்க வேண்டும் என்பதால், பதில் கைக்கு வருமுன் விளம்பரம் கொடுக்காதீர்கள்.

கூடவே, 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் எந்த அதிகாரத்தின் கீழ் இந்தச் செலவு செய்யப்படுகிறது என்று சபையின் சட்ட உத்தியோகத்தரிடம் எழுத்து மூலம் அபிப்பிராயம் பெறுங்கள். பின்னாளில் கணக்காய்வில் எழும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாம் படி: நடந்து பார்த்து வரைபடம் போடுங்கள்

கணினியில் வரைந்த கோடு ஒழுங்கைக்குள் வந்ததும் மதிலில் முட்டும். ஆகவே நடந்துதான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தாள், அதில் நான்கு பதில்கள்: வீதி யாருடையது, கம்பம் யாருடையது, நிலத்தடியில் என்ன ஓடுகிறது, எத்தனை வீட்டு வாசல்கள்.

காலி வீதி போன்ற 'ஏ' தர, 'பி' தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. உள்ளே பிரியும் ஒழுங்கைகள் பெரும்பாலும் மாநகர சபையுடையவை. ஆகவே வெள்ளவத்தையில் காலி வீதியைக் குறுக்கே வெட்டிக் கடற்கரைப் பக்கம் போக வேண்டுமானால் இரண்டு நிறுவனங்களின் அனுமதி தேவை. மின்கம்பம் மின் விநியோக நிறுவனத்தின் சொத்து. குடிநீர்க் குழாய் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு. இவற்றுள் ஒன்றின் கையொப்பம் தாமதமானாலும் வேலை நிற்கும், ஒப்பந்தக்காரர் தாமதத்துக்கு நட்டஈடு கேட்பார்.

தொடர்மாடிகள் தனிக் கதை. கீழ்த்தளம் வரை இழை வந்தாலும், மாடிகளுக்குக் கொண்டு செல்லும் செங்குத்துக் குழாய் ஏற்கெனவே ஒரு நிறுவனத்தின் கம்பியால் நிறைந்திருக்கும். சில கட்டடங்களில் நிர்வாகக் குழு முன்பே எவருக்காவது தனியுரிமை எழுதிக் கொடுத்திருக்கும். அந்த உடன்படிக்கையின் பிரதியைப் பார்க்காமல் அக்கட்டடத்தை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

சபையிடமோ அரச நிறுவனத்திடமோ உள்ள தகவல் கிடைக்காவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தம் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். தமிழில் விண்ணப்பிக்கலாம்.

மூன்றாம் படி: எந்த மாதிரி?

உலகில் பல ஊர்கள் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. ஸ்டொக்ஹோம் நகரம் 1994 இல் ஸ்டொக்காப் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. நகரத்துக்கே சொந்தமான அந்நிறுவனம் ஒளியேற்றாத இழையை எல்லா நிறுவனங்களுக்கும் குத்தகைக்கு விடுகிறது. வீட்டுக்காரருக்கு நேரடியாக இணையம் விற்பதில்லை. ஸ்பெயினின் கற்றலோனியாவில் 2004 இல் கம்பியில்லா இணைப்பாகத் தொடங்கிய குய்ஃபி வலையில், மக்களும் சிறு நிறுவனங்களும் தாம் தாம் போட்ட பகுதியைப் பொதுவில் வைத்து, பயன்பாட்டுக்கேற்பச் செலவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அமெரிக்காவின் சட்டனூகாவில் நகரத்தின் மின்சார நிறுவனமே 2010 இல் ஒரு ஜிகாபிட் வேகச் சேவையை வீடுகளுக்குக் கொடுத்தது.

சட்டனூகாவைப் பார்த்து மயங்க வேண்டாம். அங்கே கம்பமும் நகரத்துடையது, கட்டணப் பட்டியல் அனுப்பும் பிரிவும் நகரத்துடையது. கொழும்பு மாநகர சபையிடம் இரண்டும் இல்லை. நமக்குப் பொருந்துவது ஸ்டொக்ஹோம் வழி என்பேன்: குழாயும் இழையும் சபைக்கு, சேவை அனுமதிப்பத்திரம் பெற்ற நிறுவனங்களுக்கு, கண்காணிப்பு ஊர் அமைப்புக்கு. ஊர் அமைப்பைக் கூட்டுறவுச் சங்கமாகவோ, 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவோ பதிவுசெய்யலாம். பதிவில்லாத நலன்புரிச் சங்கத்தோடு சபை ஒப்பந்தம் செய்தால், தகராறு வரும்போது வழக்கில் யார் பெயரைப் போடுவது என்றே தெரியாது.

'இலவசமாகப் போட்டுத் தருகிறோம்' என்று வருபவர்

திட்டம் பற்றிய பேச்சு வெளியே கசிந்ததும் ஒருவர் அழகான அச்சுப் புத்தகத்தோடு நகரமண்டபத்துக்கு வருவார். சபைக்கு ஒரு சதமும் செலவில்லை, பூங்காக்களில் இலவச வைஃபை, நூலகத்துக்கு இலவச இணைப்பு. கேட்பதெல்லாம் வீதியை வெட்டும் அனுமதி மட்டுமே. கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில், சிறிய எழுத்தில், 15 அல்லது 20 ஆண்டுத் தனியுரிமை இருக்கும்.

அந்தத் தனியுரிமையின் விலையை எவரும் கணக்கிட்டிருக்க மாட்டார்கள். இன்னொரு நிறுவனம் அதே ஒழுங்கைக்கு வர முடியாது, கட்டணத்தைக் குறைக்கச் சொல்ல முடியாது, சேவை கெட்டாலும் வெளியேற்ற முடியாது. யோசனை நல்லதாகவே இருக்கலாம். அப்படியானால் அதைப் பகிரங்கமாக வைத்துப் போட்டி விலைமனு கோரட்டும், கொண்டுவந்தவரும் கலந்துகொள்ளட்டும். சபைக் கூட்டத்தில் 'உடனே கையொப்பமிடாவிட்டால் வாய்ப்புப் போய்விடும்' என்று எவராவது சொன்னால், அதைக் கூட்டக் குறிப்பில் அவர் பெயரோடு பதியச் சொல்லுங்கள். அவசரம் தானாகக் குறைந்துவிடும்.

நான்காம் படி: பணமும் பருவமழையும்

சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. வரவுசெலவுத் திட்டம் ஆண்டிறுதியில் நிறைவேறுகிறது. ஜனவரியில் பணம் ஒதுக்கி, அதற்குப் பிறகு ஆவணம் தயாரித்து, விளம்பரம் செய்து, மதிப்பிட்டு, கையொப்பமிட்டு முடிக்கும்போது செப்டம்பர் ஆகிவிடும். மண் வெட்டத் தொடங்கும்போது ஒக்டோபர், நவம்பர் மழை. வெட்டிய குழியில் தண்ணீர் நிற்கும், வடிகான் அடைபடும், ஊரார் திட்டுவார்கள், டிசம்பர் 31 க்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டுமே என்று அவசர அவசரமாக மூடுவார்கள்.

இதிலிருந்து தப்ப ஒரே வழி முந்திய ஆண்டிலேயே அளவைப் படம், ஆவண வரைவு, அனுமதிக் கடிதங்கள் ஆகியவற்றை முடித்துவைப்பதுதான். நிதி உறுதியாகாமல் விலைமனு கோரக் கூடாது, ஆனால் ஆவணம் தயாரிப்பதற்குத் தடையில்லை. கொழும்பில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. தோண்டும் வேலையை அந்த மாதங்களுக்குள் கொண்டுவரப் பாருங்கள். வெசாக் வாரத்திலும், ஆடிவேல் தேர் போகும் நாட்களில் செட்டியார் தெரு, காலி வீதிப் பக்கங்களிலும், ஜூன் 13 க்கு முன்பின்னாகக் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலைச் சுற்றியும் வெட்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். தேதி எழுதாவிட்டால் 'எங்களுக்குச் சொல்லவில்லையே' என்பார்கள்.

ஐந்தாம் படி: விலைமனு ஆவணம்

பெறுகை (அரச கொள்முதல்) வழிகாட்டல்களில் 2006 ஆம் ஆண்டுத் தொகுதி நீண்ட காலம் நடைமுறையில் இருந்தது. தேசிய பெறுகை ஆணைக்குழுவின் புதிய வழிகாட்டல்கள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. பழைய கோப்பிலிருந்து பிரதியெடுத்த ஆவணத்தைச் சபை கொடுத்தால், முதலில் இந்தத் தேதியைப் பாருங்கள்.

வேலையை மூன்றாகப் பிரிப்பது நல்லது. குழி, குழாய், நிலத்தடிப் பெட்டி ஆகியவை ஒன்று. இது கட்டட வேலை, நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபையில் உரிய தரத்தில் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர் செய்ய வேண்டியது. இழை, இழைகளை இணைக்கும் ஒட்டு, ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் பிரிப்பான், பரிசோதனை ஆகியவை இரண்டாவது. இயக்கமும் பராமரிப்பும் மூன்றாவது. மூன்றையும் ஒருவருக்கே கொடுத்தால் நிர்வாகம் இலகு என்று பொறியியல் பிரிவு சொல்லும். உண்மைதான். ஆனால் மூன்றும் ஒரு கையில் இருந்தால், குழாயைத் தவறாகப் போட்டவரே அது சரி என்று சான்றிதழும் தருவார்.

தொழினுட்ப விவரக்குறிப்பில் பெயர்பெற்ற வணிகக் குறிகளை எழுதாதீர்கள். தரநியமத்தை எழுதுங்கள்: பிரதான இழைக்கு ஜி.652டி, வீட்டுக்குள்ளும் மூலைகளிலும் வளைத்தாலும் ஒளி கசியாத ஜி.657ஏ. வடிகானை ஒட்டிப் போகும் இடங்களில் எலி கடிக்காத கவசக் கேபிள். 'போதிய ஆழம்' என்று எழுதினால் அரையடியும் போதும் என்று வாதிடலாம், ஆகவே ஆழத்தை மீற்றரில் எழுதுங்கள். இன்றைய தேவைக்கு ஒரு குழாய் போதுமென்றாலும் இரண்டாவது வெறுங்குழாயையும் சேர்த்துப் புதையுங்கள். செலவின் பெரும்பகுதி வெட்டுவதற்கும் மூடுவதற்குமே போகிறது, குழாய்க்கு அல்ல.

ஒளியின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் எதை நிபந்தனையாக எழுதுவது என்று புரியும். ஓர் இழையைப் பல வீடுகள் பகிரும், பரவலாகப் பயன்படும் ஜிபொன் முறையில் தலைமைக் கருவிக்கும் வீட்டுக் கருவிக்கும் இடையே சுமார் 28 டெசிபெல் (ஒளி இழப்பை அளக்கும் அலகு) இழப்பைத் தாங்கலாம். ஓர் இழையை 32 வீடுகளுக்குப் பிரிக்கும் பிரிப்பான் மட்டுமே சுமார் 17 டெசிபெலை எடுத்துக்கொள்ளும். மூன்று கிலோமீற்றர் இழை ஏறத்தாழ ஒன்று. ஒட்டுகளும் இணைப்பிகளும் இரண்டு மூன்று. மொத்தம் 21. மிச்சமிருக்கும் ஏழும் நாளை மறுநாள் அறுந்து ஒட்டப்போகும் இடங்களுக்கான சேமிப்பு. முதல் நாளே மோசமான ஒட்டுகளால் அந்தச் சேமிப்பைத் தின்றுவிட்டு, 'விளக்கு எரிகிறதே' என்று ஒப்படைப்பவர்கள் உண்டு. அதற்காகவே இப்படி ஒரு வரி வேண்டும் (டிபிஎம் என்பது ஒளி வலுவை அளக்கும் அலகு):

"ஒவ்வொரு சந்தாதாரர் முனையிலும் பெறப்படும் ஒளி வலு −24 டிபிஎம் அளவிலோ அதைவிட வலுவாகவோ இருத்தல் வேண்டும். முனைவாரியான அளவீட்டுப் பட்டியல் ஒப்படைக்கப்படும் வரை இறுதிக் கொடுப்பனவு செய்யப்படமாட்டாது."

தகைமை நிபந்தனைகளிலும் கவனம் வேண்டும். '500 கிலோமீற்றர் பைபர் போட்ட அனுபவம்' என்று எழுதினால் நாட்டில் இரண்டு மூன்று பேரே தகுதி பெறுவர். உங்கள் திட்டம் 12 கிலோமீற்றர் என்றால், அதே அளவு வேலையை ஒருமுறை திருப்தியாக முடித்தவர் போதும். எழுதுபவர் எவருக்காக எழுதுகிறார் என்பது பெரும்பாலும் இந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

ஆறாம் படி: விளம்பரம் முதல் தெரிவு வரை

இங்கே புதிதாகச் சொல்ல அதிகமில்லை, வழிகாட்டல்கள் தெளிவாகவே இருக்கின்றன. 5 மில்லியன் ரூபாவுக்கு மேற்பட்ட வேலை என்றால் விலைமனு கொடுப்பவர் 1987 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழ் பதிவுபெற்றிருக்க வேண்டும். விளம்பரத்தை மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் போடுங்கள். விலைமனு கொடுக்குமுன் ஒரு முன்கூட்டம் வைத்து எல்லோரையும் ஒழுங்கைக்குள் அழைத்துச் சென்று காட்டுங்கள். ஒருவர் கேட்ட கேள்விக்கான பதிலை எல்லோருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். விலைமனுக்களைக் குறித்த நேரத்தில், வந்திருப்பவர்கள் முன் திறந்து விலையை உரக்க வாசியுங்கள்.

மதிப்பீட்டுக் குழுவில் ஒளியிழை தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும். சபைக்குள் இல்லையென்றால் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் போன்ற இடத்திலிருந்து அழைக்கலாம். மிகக் குறைந்த விலை பொறியியலாளர் மதிப்பீட்டிலும் பாதியாக இருந்தால் மகிழாதீர்கள். எந்த வரியில் குறைத்திருக்கிறார் என்று விலைப் பகுப்பாய்வு கேளுங்கள். அனேகமாக வீதியை மீளச் சீரமைக்கும் வரியாக இருக்கும்.

ஏழாம் படி: ஒப்பந்தத்தில் விட்டுவிடக் கூடாத வரிகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் புரோவோ என்ற நகரம் சுமார் 39 மில்லியன் டொலர் கடன் வாங்கித் தன் பைபர் வலையை அமைத்தது. நடத்த முடியாமல் கைமாறி, கடைசியில் 2013 இல் கூகிள் அதை ஒரு டொலருக்கு எடுத்துக்கொண்டது. கடனை நகரத்தார் தொடர்ந்து கட்டினார்கள். அதைவிட வேதனையான ஒரு செலவும் வந்தது: கேபிள்கள் எந்த இடத்தில் புதைந்திருக்கின்றன என்ற சரியான பதிவு இல்லாததால், அதைக் கண்டறிய மட்டும் சுமார் 5 இலட்சம் டொலர் ஒதுக்க வேண்டியிருந்தது.

ஆகவே முதல் வரி வரைபடம். 'உள்ளபடி வரைபடம்' ஒவ்வொரு 100 மீற்றர் வேலை முடிந்ததும் வர வேண்டும், கடைசியில் மொத்தமாக அல்ல. குழி மூடுமுன் அளவுநாடாவை வைத்து எடுத்த படம், ஜிபிஎஸ் புள்ளி, எவரும் திறக்கக்கூடிய கோப்பு வடிவம், பதிப்புரிமை சபைக்கு. பட்டியல் பணத்தை இந்த வரைபடத்தோடு கட்டுங்கள். வரைபடம் வராவிட்டால் அந்த 100 மீற்றருக்குப் பணம் இல்லை.

அடுத்து உடைமை. புதைத்த கணமே குழாயும் இழையும் சபையின் சொத்து, இயக்குநருக்கு (வலையை இயக்கும் நிறுவனத்துக்கு) இருப்பது பயன்பாட்டு உரிமை மட்டும், அவற்றை அடகு வைக்கவோ கைமாற்றவோ முடியாது என்று எழுதுங்கள். குறைந்தது இரண்டு சேவை நிறுவனங்களுக்கு ஒரே கட்டணத்தில் இடம் தர வேண்டும் என்ற வரியும் இங்கேயே வர வேண்டும்.

டொலர் பிரச்சினையை நாம் மறந்துவிட முடியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. அந்நாட்களில் பாதியில் நின்ற வேலைகள் கொஞ்சமல்ல. இறக்குமதிக் கருவிகளின் விலையைத் தனிப் பட்டியலாக வைத்து, மத்திய வங்கியின் நாளாந்த வீதத்தோடு இணைத்து, உச்ச வரம்பும் போடுங்கள். உள்ளூர்க் கூலி ரூபாவிலேயே இருக்கட்டும்.

சேவைத் தரத்துக்கு, பழுது அறிவித்த எத்தனை மணிநேரத்தில் சரிசெய்ய வேண்டும், தவறினால் எவ்வளவு கழிக்கப்படும் என்று எண்ணில் எழுதுங்கள். முறைப்பாட்டு எண்ணில் தமிழிலும் சிங்களத்திலும் பேச ஆள் வேண்டும், சந்தாதாரர் உடன்படிக்கை மூன்று மொழிகளிலும் வேண்டும். சந்தாதாரர் விவரங்கள் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அமைய வைக்கப்பட வேண்டும்.

முடிவுறுத்தல் வாசகத்தை வாசிக்கும்போது எல்லோரும் களைத்துப்போயிருப்பார்கள். களைப்பாறிவிட்டு இன்னொரு நாள் வாசியுங்கள். இயக்குநர் வங்குரோத்தானால் சபை உடனே உள்ளே வந்து வலையை இயக்கும் உரிமை, கருவிகளின் கடவுச்சொற்கள் முத்திரையிட்ட உறையில் மாநகர ஆணையாளரிடம், புதியவர் பொறுப்பேற்கும்வரை பழையவர் சேவையைத் தொடரும் கடமை. இம்மூன்றும் இல்லாவிட்டால் கையொப்பமிடாதீர்கள்.

எட்டாம் படி: வெட்டும்போதும் ஏற்கும்போதும்

வேலை நடக்கும் இடத்தில் சபையின் மேற்பார்வையாளரோடு ஊர் அமைப்பின் ஒருவரும் நிற்கட்டும். அவருக்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ஆழத்தை அளக்க ஒரு நாடா, படமெடுக்க ஒரு தொலைபேசி, திகதியிட்ட ஒரு குறிப்புப் புத்தகம் போதும். கடை வாசலை வெட்டினால் அன்று மாலைக்குள் நடக்கக்கூடியபடி மூட வேண்டும். புறக்கோட்டையில் ஒரு கடை வாசலை இரண்டு நாள் மறித்தால், மூன்றாம் நாள் முழுத் தெருவும் திட்டத்துக்கு எதிரியாகிவிடும்.

ஏற்கும் பரிசோதனையில், இழையின் எந்த இடத்தில் எவ்வளவு ஒளி இழக்கப்படுகிறது என்று காட்டும் ஓடிடிஆர் கருவியின் வரைகோட்டை இரு முனைகளிலிருந்தும், 1310, 1550 நனோமீற்றர் ஆகிய இரு அலைநீளங்களிலும் கேளுங்கள். 1310 இல் நேராகப் போகும் கோடு அதே இடத்தில் 1550 இல் படிபோலச் சரிந்தால், அங்கே கேபிளை மடித்து அழுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். பெட்டியைத் திறக்கச் சொல்லி வளைவை நேராக்கி, மீண்டும் அளந்த பிறகே ஒப்பமிடுங்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் கடந்த பிறகு பெட்டிகளைத் திறந்து ஈரம் பார்த்தபின்னரே, ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் தக்கவைத்த பணத்தை விடுவிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஒப்பந்தக்காரர்களுக்கு இது பிடிக்காது.

சேவை ஒப்பந்தம் ஐந்து ஆண்டு என்றால், அடுத்த விலைமனுவுக்கான ஆவணத்தை நான்காம் ஆண்டின் இறுதியில் எடுத்து வையுங்கள். நடப்பு இயக்குநருக்குத் தெரிந்த பழுதுப் பதிவேடு, கம்ப வாடகைப் பற்றுச்சீட்டுகள், உதிரிப்பாகப் பட்டியல் ஆகியவற்றின் பிரதி, போட்டியிட வரும் எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைக்க வேண்டும்.